துளைக்கும் அலகும் வீழ்த்தும் தடியும்: மான்வேட்டைக் கருவித் தேர்வும் ஒரத்தநாட்டு மேட்டுநிலமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் தொல்லியல், இலக்கிய ஆய்வுகளில் அம்புமுனை பெரும்பாலும் போர்க்கருவியாகவே வாசிக்கப்படுகிறது. மானை வீழ்த்தும் கருவியாக அதனை நோக்கினால், அலகின் அகலம், ஊடுருவும் ஆழம், அடிபட்ட விலங்கைக் கண்டெடுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவது புலப்படும். அகப்பாடல்களில் தலைவன் கெடுதி வினாவும் மரபு இக்கட்டுப்பாட்டின் இலக்கியப் பதிவாகும். ஒரத்தநாட்டிலிருந்து புதுக்கோட்டை வரை நீளும் மேட்டுநிலத்தில் வாழ்ந்த கள்ளரிடையே வழங்கிய வளரி, வில்லுக்கு முந்திய பழங்கருவி அன்று. அதே சிக்கலுக்கு வேறொரு நிலத்தில் தேர்ந்துகொள்ளப்பட்ட வேறொரு விடை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

குறிச்சொற்கள்: அம்பலகு, வளரி, மான்வேட்டை, கெடுதி வினாதல், ஒரத்தநாடு, தஞ்சை ஆயுதச்சாலை.

1. அலகின் அகலமும் ஆழமும்

அம்பு துப்பாக்கிக் குண்டைப் போலக் கொல்வதில்லை. குண்டு தன் வேகத்தால் தசையையும் எலும்பையும் சிதைக்கும். அம்போ தன் அலகின் கூரால் குருதிக் குழாய்களையும் நுரையீரலையும் அறுத்துக் குருதிப்போக்கினால் கொல்லும். ஆகவே அம்பு தைத்த மான் நின்ற இடத்திலேயே விழுவது அரிது. நுரையீரலில் தைத்த மான்கூட ஐம்பது, நூறு கஜம் ஓடிய பின்னரே விழும். குடலில் தைத்தது மணிக்கணக்கில் அலைந்து, வேட்டுவன் கைக்கு எட்டாமல் புதரில் மடியும். வில்வேட்டையில் எய்தல் பாதி வேலை. குருதித் துளியையும் அடிச்சுவட்டையும் பின்தொடர்ந்து விலங்கைக் கண்டெடுத்தல் மறுபாதி.

இந்த இரண்டாம் பாதியை எளிதாக்குவது எது என்னும் வினாதான் அம்பலகின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. அகன்ற அலகு பெரிய புண்ணை உண்டாக்கும், குருதி மிகுதியாக ஒழுகும், சுவடு தெளிவாகும். ஆனால் அகலம் கூடுந்தோறும் தோலும் தசையும் தரும் தடை கூடி, ஊடுருவும் ஆழம் குறையும். குறுகிய அலகு ஆழமாகப் பாய்ந்து மறுபக்கம் வெளிப்படவும் கூடும். புண்வாய் சிறிதாகையால் குருதி உள்ளேயே தங்கிச் சுவடு மறையும். வில்லின் வலிமை எல்லையுடையது. அந்த வலிமையை அகலத்துக்குச் செலவிடுவதா, ஆழத்துக்குச் செலவிடுவதா என்பதே தேர்வு.

இன்றைய வட அமெரிக்க வில்வேட்டையாளரிடையே இவ்வினா நிலைத்த அலகுக்கும் விரியலகுக்கும் இடையிலான வழக்காக நடைபெறுகிறது. 1956இல் ஃபிரெட் பேர் சந்தைக்குக் கொண்டுவந்த ரேசர்ஹெட் நிலைத்த அலகுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பின்னர் வந்த விரியலகுகளில் வெட்டுவாய்கள் பறக்கும்போது மடங்கியிருந்து, உடலில் பட்டவுடன் விரிகின்றன. பறக்கும்போது காற்று அலகைத் திசைதிருப்பாது. பட்டபின் புண் அகலமாகும். இந்நன்மைகளுக்கு விலையும் உண்டு. விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது. சாய்வாகவோ எலும்பின் மீதோ பட்டால் அலகு சரியாக விரியாமற்போகலாம். மெலிந்த வில்லுடையோர் நிலைத்த அலகையே கொள்ளவேண்டும் என்பது அவர்களிடையே பொதுவாக ஏற்கப்பட்ட அறிவுரை. சில மாநிலங்கள் விரியலகை நெடுங்காலம் தடைசெய்திருந்தன. பின்முள்ளுடைய அலகை அனுமதிக்காத மாநிலங்களும் உண்டு. சட்டம் இவ்வளவு நுணுக்கமாகத் தலையிடுவதற்குக் காரணம், அடிபட்டுக் கண்டெடுக்கப்படாமல் மடியும் மான்தான்.

இவ்வழக்கை இங்கே எடுத்துக்கொள்வது, அது புதுமையானது என்பதற்காக அன்று; நம் சான்றுகளை நோக்கி எழுப்பப்படாத ஒரு வினாவை அது எழுப்பித் தருகிறது என்பதற்காகவே. தமிழக அகழாய்வு அறிக்கைகளில் 'அம்புமுனை' என ஒரே தலைப்பில் எண்ணப்படும் பொருள்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்தவை அல்ல. கௌடலியர் இதனை அறிந்திருந்தார். அர்த்தசாத்திரத்தின் 2ஆம் அதிகரணம் 18ஆம் அத்தியாயத்தில், ஆயுதச்சாலைத் தலைவனின் கடமைகளைக் கூறுமிடத்து, அம்பின் முகங்கள் வெட்டுதல், பிளத்தல், அடித்தல் என்னும் மூன்று தொழிலுக்கு உரியவை என்றும், அவை இரும்பாலும் எலும்பாலும் மரத்தாலும் ஆனவை என்றும் வகுக்கப்படுகிறது. சேதனம், பேதனம், தாடனம் என்னும் இம்மூன்றனுள் முதலிரண்டைப் பற்றி அறிஞர் பேசுவர். மூன்றாவதை, அதாவது முனை மழுங்கிய கருவியால் அடித்து வீழ்த்துதலை, எளிதாகக் கடந்துவிடுவர். ஒரத்தநாட்டு மேட்டுநிலத்தை நோக்கும்போது இந்த மூன்றாவது வகையே முதன்மை பெறுகிறது.

2. புண்ணொடு ஓடிய கலை

அகத்திணை மரபில் தலைவன் தலைவியை முதன்முதல் அணுகும் வழிகளுள் ஒன்று, தான் தொலைத்த வேட்டை விலங்கைப் பற்றிக் கேட்பது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் படைத்த தலைவன், புனங்காக்கும் மகளிரிடம் தன்னிடமிருந்து தப்பிய விலங்கைப் பற்றி வினவுகிறான். கோவை இலக்கியங்கள் இதனைத் தனித்துறைகளாகவே வகுத்துக்கொண்டன. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் வேழம் வினாதலும் கலைமான் வினாதலும் அடுத்தடுத்து வருகின்றன. இத்துறைகளைப் பேச்சுத் தொடங்குவதற்கான சாக்கு என்றே உரையாசிரியர் பலரும் கொள்வர். சாக்குத்தான், ஐயமில்லை. ஆனால் சாக்கு நம்பத்தக்கதாக இருந்தால்தான் சாக்காகும். கையில் வில்லுடன் ஒருவன் வந்து, அம்புபட்ட புண்ணுடன் ஒரு கலை இவ்வழி வந்ததா என்று கேட்டால் கேட்போர் வியப்படையவில்லை. அம்பு தைத்த மான் ஓடும், வேட்டுவன் தேடி வருவான் என்பது அச்சமூகத்தின் அன்றாட அறிவு. வில்வேட்டையின் இரண்டாம் பாதியே ஓர் இலக்கியத் துறையாக உறைந்திருக்கிறது.

திருக்கோவையாரின் அப்பாடலில் இன்னொரு குறிப்பும் உண்டு. கலையின் மீது பாய்ந்த கணைக்கு மகளிரின் கண்கள் உவமையாகின்றன. கண்ணை அம்போடும் வேலோடும் ஒப்பிடுவது தமிழில் மிகப் பழகிய உவமை. கூர்மையும் வருத்தும் தன்மையும் அதன் பொதுத்தன்மைகள் என்பர். வடிவத்தையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. இருமுனையும் கூர்ந்து நடுவில் அகன்ற கண்ணுக்கு, ஊசி போன்ற முனையுடைய அம்பு உவமையாக அமையாது; இலை வடிவில் நடு அகன்ற அலகே அமையும். புலவர் மனத்தில் அம்பு என்றவுடன் எழுந்த உருவம் வெட்டும் அலகுடையது, துளைக்கும் ஊசியுடையது அன்று என்பதற்கு இதனை ஒரு துணைச்சான்றாகக் கொள்ளலாம். தனித்து நிற்கும் வலிமை இதற்கு இல்லை. பிற சான்றுகளோடு சேர்ந்தே நிற்கும்.

ஆழத்தைப் போற்றும் பாடலும் உண்டு. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்கியதாகப் பாடுகிறார். இது மிகைப்புகழ் என்பது வெளிப்படை. எனினும் மிகை எந்தப் பண்பை மிகுக்கிறது என்பது கருதத்தக்கது. புண்ணின் அகலத்தையோ குருதிப் பெருக்கையோ அன்று, ஊடுருவலையே புலவர் பெருக்கிக் காட்டுகிறார். ஐந்து விலங்குகளுள் எதுவும் ஓடவில்லை. பட்ட இடத்திலேயே விழுகின்றன. தேடவேண்டிய தேவையே இல்லாத வேட்டை! வேட்டுவர் எல்லாரும் விரும்பியும் எவரும் பெறாத ஒன்றைத்தான் புலவர் ஓரிக்கு வழங்கினார். குறிஞ்சிப்பாட்டில் தலைவன் யானையின் முகத்தில் எய்யும் அம்பு இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. குருதி சோர யானை திரும்பி ஓடுகிறது, சாகவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் நடப்புக்கும் புகழுரைக்கும் உள்ள தொலைவு புலனாகும்.

ஓடும் விலங்கை எய்வதிலுள்ள இடரைக் குறைப்பதற்கு ஒரு வழி, அதனை அசையாமல் நிற்கச் செய்து அருகில் கொண்டுவருவது. பழக்கிய மானைக் கட்டிவைத்துப் பிற மான்களை ஈர்க்கும் 'பார்வை' முறை இதற்கானது. பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பை விவரிக்கும்போது விளாமரத்தில் கட்டிய பார்வை விலங்கைக் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வேட்டுவன் உறங்க, அவன் கட்டியிருந்த பார்வைப் பிணையோடு கலைமான் ஒன்று விளையாட, அவன் மனைவி அவ்விணையைக் கலைக்க மனமின்றி ஒலியெழுப்பாமல் இருக்கிறாள். அப்பாட்டின் அழகு அவளுடைய இரக்கத்தில் இருக்கிறது. வேட்டை வரலாற்றுக்கு அது தரும் செய்தியோ, மான் வில்லின் எல்லைக்குள் தானே வந்து நிற்கவேண்டியிருந்தது என்பது.

யாரை எய்யலாகாது என்பதற்கும் மரபு இருந்தது. பெரியபுராணத்தில் கண்ணப்பரின் வேட்டையை வருணிக்கும் சேக்கிழார், அவ்வேட்டுவர் யானைக் கன்றுகளைத் தொடரார், குருளைகளைக் கொல்லார், கருவுற்ற பிணைகளை வருத்தார் என்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சோழர் அரசவையைச் சார்ந்து எழுதிய ஒருவர், பன்றியைத் துரத்திக் கொல்லும் வேட்டுவர் கூட்டத்துக்கு இந்த வரையறையை இயல்பாக ஏற்றிக் கூறுவது கவனிக்கத்தக்கது. கருவியைத் தேர்தலும் இரையைத் தேர்தலும் வீண்கொலையைத் தவிர்த்தல் என்னும் ஒரே கவலையின் இரு முகங்கள்.

3. ஈமக்குழியில் கிடைத்த இரும்பு

ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் தோண்டினார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து எடுத்த பொருள்களின் பட்டியல் 1915இல் வெளிவந்தது. அங்கும் தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பலவற்றிலும் வாள், ஈட்டி ஆகியவற்றோடு இரும்பு அம்புமுனைகள் கிடைத்தன. காம்பு நீண்டு நாணற்கோலில் செருகப்பட்டவை, குழலாக வளைத்துக் கோலின்மேல் மாட்டப்பட்டவை, பின்முள் கொண்டவை, முள்ளற்று இலைபோல் அகன்றவை எனப் பல வடிவங்கள் இவற்றுள் உண்டு.

இவ்வேறுபாடுகளைக் காலவரிசைக்கான அடையாளங்களாகவே ஆய்வாளர் பயன்படுத்திவந்துள்ளனர். வேட்டை நோக்கில் இவை வேறு பொருள் தரும். காம்பு செருகிய முனை, விலங்கு ஓடும்போது கோல் முறிந்தால் உடலுக்குள்ளேயே தங்கும். ஓட்டத்தின் அசைவே அலகை மேலும் அறுக்கச் செய்யும். குழல்முனை கோலோடு உறுதியாகப் பொருந்தி ஊடுருவலுக்கு உதவும். ஆனால் எடை மிகுதியாவதோடு கொல்லனின் உழைப்பும் கூடும். பின்முள் அம்பு கழன்று விழாமல் தடுக்கும். புண்வாயை அடைத்துக் குருதியொழுக்கைக் குறைக்கவும் செய்யும். போரில் பின்முள் பகைவனுக்குப் பெருந்துன்பம். மான்வேட்டையில் அது இருபுறமும் வெட்டும் கத்தி. ஆகவே ஒரே குழியில் முள்ளுடையனவும் முள்ளற்றனவும் சேர்ந்து கிடைக்குமாயின், அவை ஒரே காலத்தில் இருவேறு வேலைக்கென வைத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம் என்னும் வாசிப்புக்கும் இடமுண்டு. ஒருவனது தூணியில் ஒரே வகை அம்புதான் இருந்திருக்கவேண்டும் என்று நாமாகக் கருதிக்கொள்ளத் தேவையில்லை.

இரும்பு அரிதாக இருந்ததால் மரத்தடியை எறிந்தனர் என்னும் விளக்கம் வளரிக்குச் சிலரால் கூறப்படுவதுண்டு. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் கொடுமணலில் நடத்திய அகழாய்வுகள், இரும்பு உருக்கும் உலைகளையும் எஃகு செய்த மூசைகளையும் வெளிப்படுத்தின. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எஃகு வடித்த நாட்டில், 18ஆம் நூற்றாண்டுக் கள்ளர் வேட்டுவனுக்கு ஓர் அம்பலகுக்கு இரும்பு கிடைக்கவில்லை என்பது பொருந்தாது. அவன் வேறு காரணத்துக்காகத் தடியைத் தேர்ந்தான்.

4. மேட்டுநிலம்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் ஒரத்தநாடு அமைந்துள்ளது. சரபோஜி மன்னர் முக்தாம்பாள் நினைவாக எழுப்பிய சத்திரத்தால் முக்தாம்பாள்புரம் என்றும் இவ்வூர் வழங்கப்பட்டது. இன்று நெல்வயல் சூழ்ந்த ஊராக இதனைக் காண்போர், இப்பகுதியைக் காவிரியின் பழைய படுகையோடு ஒன்றாகவே எண்ணிவிடுவர். அது சரியன்று. வல்லத்திலும் கந்தர்வகோட்டையிலும் காணும் செம்மண் மேடு தெற்கே புதுக்கோட்டைவரை தொடர்கிறது. ஒரத்தநாட்டுப் பகுதிக்குக் காவிரி நீர் விரிவாக வந்தது, மேட்டூர் அணைத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்ட பிறகே. மக்கள் அதனைப் புது ஆறு என்றே அழைப்பது பொருள் பொதிந்தது. 1934க்கு முன் இம்மேட்டுநிலம் ஏரியையும் மழையையும் நம்பிய புன்செய். இடையிடையே முட்புதர்க் காடும் மேய்ச்சல் தரிசும். பாப்பாநாடு, கோனூர், கந்தர்வகோட்டை முதலிய கள்ளர் ஜமீன்கள் இத்தகைய நிலத்தில்தான் அமைந்திருந்தன. நா. மு. வேங்கடசாமி நாட்டார் 1923இல் வெளியிட்ட கள்ளர் சரித்திரம் விரித்துரைக்கும் 'நாடு' என்னும் அமைப்பு, தென்னமநாடு, பாப்பாநாடு போன்ற ஊர்ப்பெயர்களில் இன்றும் தங்கியுள்ளது.

இத்தகைய வறண்ட திறந்தவெளிக்கு உரிய விலங்கு வெளிமான். முல்லைப் பாடல்களில் முறுக்கிய கொம்புடன் பிணையோடு மேயும் இரலை இதுவே. மலைச்சாரலில் மறைந்து வாழும் கடமானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வேட்டைக் கருவியை முடிவு செய்யும் அளவுக்குப் பெரியது. வெளிமான் தொலைவிலேயே ஆளைக் கண்டுகொள்ளும்; கூட்டமாக வாழும்; மருண்டால் துள்ளிப் பாய்ந்து மிக விரைந்து ஓடும். குறிஞ்சி நிலத்து வேட்டுவன் மரத்தின் பின் நின்று இருபது முப்பது அடியில் எய்யலாம். மேட்டுநிலத்தில் மறைவதற்கு மரமில்லை. இங்கே வேட்டை என்பது பலர் கூடி, நாய்களுடன் வளைந்து, கூட்டத்தை ஓடச் செய்து, ஓட்டத்தின் குறுக்கே நிற்பது. இலக்கு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடும் இலக்கை எய்வதில் அம்பின் குறை இங்கே வெளிப்படுகிறது. எவ்வளவு அகன்ற அலகாயினும் அது இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேற்படாது. குறி ஒரு சாண் பிசகினால் காற்றில் போகும். சிறிது பிசகினால் தொடையிலோ குடலிலோ தைத்து, மான் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு ஓடிவிடும். வளரி வேறு விதமாக வேலை செய்கிறது. ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் இரண்டு அடி நீளமுள்ள பிறைவடிவத் தடி அது. ஒருமுனை கனத்தது, கைப்பிடிக்கும் முனை மெலிந்தது. தரைக்கு அணித்தாகச் சுழன்று செல்லும்போது தன் நீளம் முழுவதையும் தாக்கும் அகலமாக மாற்றிக்கொள்கிறது. கூட்டமாக ஓடும் மான்களின் கால்மட்டத்தில் அது சென்றால், ஒன்றின் காலையேனும் முறிக்கும். கால் முறிந்த மான் நூறு கஜம் ஓடாது. விழுந்த இடத்திலேயே நாயோ ஆளோ அதனை அடைந்துவிடலாம். குருதிச் சுவடு தேடவேண்டியதில்லை. குறிஞ்சித் தலைவனின் வினா இங்கே எழுவதற்கே இடமில்லை.

ஊடுருவலை முற்றிலும் கைவிட்டு, அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்ட கருவி வளரி. பறக்கும்போது ஒடுங்கிப் பட்டபின் விரியும் அலகைக் கொண்டு இன்றைய வேட்டையாளர் அடைய முயலும் பயனை, மேட்டுநில வேட்டுவன் இரும்பே இல்லாமல், பறக்கும்போதே விரிந்திருக்கும் ஒரு தடியால் அடைந்தான். அதற்கு அவன் கொடுத்த விலை தொலைவும் காடும். அடர்ந்த மரங்களிடையே சுழலும் தடி பயன்படாது. முதல் கிளையிலேயே மோதி விழும். மலைநாட்டில் வில்லும் மேட்டுநிலத்தில் வளரியும் நிலைத்தமைக்கு இனமோ பழமையோ காரணமன்று, நிலமே காரணம்.

5. ஆயுதச்சாலையும் அட்டவணையும்

வளரியைப் பற்றிய ஐரோப்பியர் குறிப்புகளுள் ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியது பலரும் அறிந்தது. 1830இல் வெளியான தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில், சிவகங்கையின் சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தார் என்றும், கைதேர்ந்தவன் நூறு கஜ எல்லைக்குள் எத்தொலைவிலும் தவறாமல் அதனை எறியக்கூடும் என்றும் அவர் பதிந்துள்ளார். 1801 போரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டபின் இப்பதிவு வீரக்கதையின் பகுதியாயிற்று. வளரியும் போர்க்கருவியாகவே நினைவில் நின்றது. இன்று அதன் பெயரைக் கேட்டவுடன் படைக்களமே மனத்தில் எழுவதற்கு இதுவே தோற்றுவாய்.

அவ்வளவாகக் கவனிக்கப்படாத சான்று குஸ்தாவ் ஒப்பெர்ட்டுடையது. மறவரும் கள்ளரும் மான்வேட்டையின்போது இத்தடியைப் பயன்படுத்துவர் என்று அவர் நேரடியாக எழுதினார். தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த தந்த வளரி இரண்டையும் மர வளரி ஒன்றையும் குறிப்பிட்டு, புதுக்கோட்டை அரசரின் ஆயுதச்சாலையில் மர வளரிகள் எப்போதும் இருப்பில் வைக்கப்பட்டிருப்பதையும், தமிழில் இதன் பெயர் வளைதடி என்பதையும் சேர்த்துரைத்தார். ஒரத்தநாட்டின் வடக்கே தஞ்சையும் தெற்கே புதுக்கோட்டையும். இரு அரண்மனைகளின் இருப்பிலும் ஒரே கருவி. இரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலமே அதன் வழக்கிடம் என்பதை இவ்விரு இருப்புகளும் உறுதிப்படுத்துகின்றன.

தஞ்சை இருப்பின் கதி வருந்தத்தக்கது. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண்வாரிசின்றி இறந்தபின் ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. தெரிந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றது; எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டு உலோக விலைக்கு விற்கப்பட்டது. தெரிந்தெடுத்தவரின் கண் வேலைப்பாட்டையே நாடியிருக்கும். பொன் பதித்த பிடிகளும் செதுக்கிய கட்டாரிகளும் தப்பின. வேலைப்பாடற்ற வேட்டைக் கருவிக்கு அத்தகைய கவர்ச்சி இல்லை. அருங்காட்சியகத்தை வைத்து ஒரு சமூகத்தின் கருவிகளை மதிப்பிடும்போது இச்சல்லடையை மறக்கலாகாது.

அதே காலத்தில் வளரி வேறொரு வாதத்துக்கு இழுக்கப்பட்டது. பின்னாளில் பிட் ரிவர்ஸ் எனப்பட்ட லேன் ஃபாக்ஸ், ஆஸ்திரேலியா, எகிப்து, தென்னிந்தியா ஆகிய மூன்றின் எறிதடிகளையும் ஒரே வரிசையில் வைத்து, ஹக்ஸ்லியின் இனவகைப்பாட்டுக்குத் துணை தேடினார். ஒத்த வடிவம் ஒத்த பிறப்பைக் காட்டும் என்பது அவர் துணிபு. திறந்த புல்வெளியில் ஓடும் விலங்கின் காலையும் எழும்பும் பறவைக் கூட்டத்தையும் வீழ்த்த வேண்டியவர்கள் எந்நாட்டிலும் இத்தகைய தடிக்கு வந்துசேர்வர் என்னும் எளிய விளக்கத்தை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் கள்ளர் பற்றிய பகுதியிலேயே வளரிச் செய்திகளும் இடம்பெற்றன. ஒப்பெர்ட்டின் மான்வேட்டைக் குறிப்பும், மணமக்கள் வீட்டார் வளைதடியை மாற்றிக்கொள்ளும் வழக்கும் அங்கே உண்டு. ஆனால் அவற்றைச் சூழ்ந்திருப்பவை கொள்ளை, காவல் பற்றிய செய்திகள். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பகுதிக் கள்ளர்மீது ஏவப்பட்ட காலத்தில் இத்தொகுதிகள் அதிகாரிகளின் கைநூலாக இருந்தன. மணவீட்டுக்குச் சென்ற தடியும் மான்காலை நோக்கிச் சென்ற தடியும் அந்தச் சூழலில் வழிப்பறித் தடியாகவே படிக்கப்பட்டிருக்கும்.

சட்டத்தின் சொல்லாட்சியும் நோக்கத்தக்கது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் ஆயுதம் என்பதற்கு வரையறை தரும்போது, துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. எறிதடிக்கு அங்கே பெயர் இல்லை. அம்பலகு கொல்லனின் பட்டறையில் பிறந்து, ஆயுதமென்று முத்திரை பெற்றது. வளரியோ வேலமரத்தின் இயல்பான வளைவில் பிறந்து, கீழே வைத்தால் வெறும் கட்டை. காலனிய ஆட்சி சமூகத்தை அஞ்சிய அளவுக்கு அதன் கருவியை அறிந்திருக்கவில்லை.

6. நிலம் மாறியபின்

1934க்குப் பின் புது ஆற்று நீர் மேட்டுநிலத்தின் தரிசை வயலாக்கியது. முட்புதர் அழிந்தால் வெளிமானுக்கு இடமில்லை. வெளிமான் இல்லாத இடத்தில் வளரிக்கு வேலையில்லை. காவிரிப் படுகையின் தென்கிழக்கு மூலையில், கோடியக்கரையில், வெளிமானுக்கென 1967இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் சேர்த்தது. நிலைத்த அலகா விரியலகா என்னும் வினா இந்தியாவில் இன்று வேட்டுவனுக்கு உரியது அன்று, முழுமையாக வரலாற்று மாணவனுக்கு உரியது.

கருவிகள் சடங்கில் தங்கின. படுகையின் கோயில்களில் விசயதசமியன்று இறைவன் குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு போடும் விழா நடைபெறுகிறது. சிவகங்கை, மதுரைப் பகுதிகளின் நாட்டார் தெய்வக் கோயில்களில் வளரி வழிபாட்டுப் பொருளாக வைக்கப்பட்டுள்ளது. அம்பு விழாவில் எய்யப்படுகிறது. வளரி எறியப்படாமல் பூசை பெறுகிறது.

அகழாய்வு அறிக்கைகளில் அம்புமுனைகளின் எண்ணிக்கையோடு ஒவ்வொன்றின் பெரும அகலம், காம்பின் நீளம், எடை, பின்முள்ளின் கோணம் ஆகியவற்றையும் பதியும் வழக்கம் ஏற்பட்டால், வெட்டும் அலகையும் துளைக்கும் முனையையும் பிரித்துப் பார்க்க இயலும். வளரிக்கும் அவ்வாறே. தந்த வளரி யாரும் எறியாதது. அரசனின் கையில் அணியாக இருந்தது. மர வளரியின் கனத்த முனையில் உள்ள தேய்வும் வெடிப்பும், அது எதனை எத்தனை முறை அடித்தது என்பதைக் காட்டக்கூடியவை. தரைக்கு அணித்தாக எறியப்பட்ட தடியில் மண்ணும் சரளையும் உரசிய கீறல்கள் கீழ்ப்பக்கத்தில் மிகுந்திருக்கும். ஆளின் தலையையும் மார்பையும் குறிவைத்து எறியப்பட்டதில் அவ்வாறு இராது. சென்னை, புதுக்கோட்டை அருங்காட்சியகங்களின் மர வளரிகளை இந்நோக்கில் ஒருமுறை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தல் வேண்டும்.